எல்லை அடைத்த வாரத்துச் சாப்பாடு

ஓசூரில் இரண்டு சாம்பார் உண்டு. ஒன்றில் வெல்லம் போடுவார்கள், மற்றதில் போடமாட்டார்கள். வெல்லச் சாம்பார் பெங்களூரு பக்கத்து நாக்குக்கு. மற்றது சேலம், தர்மபுரி, மதுரை என்று தெற்கே இருந்து பிழைக்க வந்தவர்களுக்கு. பாகலூர் ரோட்டில் ஒரு ஓட்டலில் இரண்டையும் இரண்டு வாளியில் வைத்திருந்தார்கள். சப்ளையர் நம் முகத்தைப் பார்த்தே எந்த வாளியைத் தூக்குவது என்று முடிவு செய்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். என் விஷயத்தில் மட்டும் அவர் குழம்புவார், ஏனென்றால் தஞ்சாவூர்க்காரனான எனக்கு வெல்லச் சாம்பார்தான் பிடித்துப்போனது.

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமோ முடித்த கையோடு 1993-இல் இங்கே வந்தேன். சிப்காட்டில் லாரிக்கும் மொபெட்டுக்கும் உதிரிபாகம் செய்யும் சிறிய தொழிற்சாலையில் வேலை. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்து ஊரின் முகம் மாறிவிட்டிருந்த காலம். முதல் தலைமுறை ஆபரேட்டர்கள் கல்யாணம் செய்து வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். எங்களைப் போன்ற தனிக்கட்டைகள் அறைக்கு நாலு பேராகத் தங்கி மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்தோம். எனக்குச் சமைக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி வயிற்றுக்கே போனது என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆனால் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல ஊர் எனக்கு வாய்த்திருக்காது. காலையில் உடுப்பி ஓட்டலில் இட்லி, உளுந்து வடை, பித்தளை டபராவில் காபி. தேன்கனிக்கோட்டை ரோட்டில் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். களியை மெல்லக்கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் பாடம் எடுப்பார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மசூதித் தெருவில் பிரியாணி. சிப்காட் கேட்டுக்கு எதிரே மலையாளிகளின் மெஸ், அங்கே புட்டும் கடலையும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெங்களூரு பஸ் பிடித்துவிடுவேன். நாற்பது கிலோமீட்டர்தான். காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன், 1943-இலிருந்து அதே இடத்தில் தோசை சுடுகிறார்கள். லால்பாக் ரோட்டில் எம்.டி.ஆர்., 1924-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவா இட்லியைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். நம்பாமல் இருக்க எனக்குக் காரணமில்லை. நல்ல நெய் ஊற்றிக் கொடுப்பவர்கள் எதைச் சொன்னாலும் நம்புவேன்.

ஊரில் அப்பா இரண்டு ஏக்கரில் நெல் போட்டுக்கொண்டிருந்தார். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் குறுவை, இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். 2016-இல் ஜூன் போனது, ஜூலை போனது, ஆகஸ்டும் போனது, அணை திறக்கவில்லை. செப்டம்பர் 5-ஆம் தேதி, பிள்ளையார் சதுர்த்தியன்று, கர்நாடகம் காவிரியில் பத்து நாளைக்கு வினாடிக்கு 15,000 கன அடி திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களுக்கும் அந்த வருடம் மழை சரியில்லை. மண்டியாவில் சாலை மறியல், 9-ஆம் தேதி கர்நாடகத்தில் முழு அடைப்பு. ஞாயிறன்று அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த யாரும் மறுநாள் இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, 12-ஆம் தேதி. பொம்மசந்திராவில் ஒரு வார்ப்படக் கம்பெனிக்கு மாதிரி பார்க்கப் போக வேண்டியிருந்தது. எங்கள் கம்பெனி வேனில் போனோம். வேலை பத்து மணிக்குத்தான். ஆனால் நான் டிரைவர் தம்பியை விடியற்காலையிலேயே கிளப்பி, பொம்மசந்திராவைத் தாண்டி காந்தி பஜார் வரை ஓட்ட வைத்துவிட்டேன், தோசைக்காக. சூளகிரிப் பையன் அவன், வீட்டில் தெலுங்கு பேசுபவன். "ஒரு தோசைக்கு இவ்வளவு டீசலா சார்?" என்றான். நெய் முறுகலாகச் சிவந்து, உள்ளே பஞ்சு போல இருந்த அந்தத் தோசையைப் பார்த்த பிறகு டீசலைப் பற்றிப் பேசவில்லை. இன்னொரு தோசை சொன்னான். கூட்டம் வழக்கம்போலத்தான் இருந்தது, பேப்பர் மட்டும் ஒவ்வொரு மேஜையிலும் விரிந்து கிடந்தது.

மதியத்துக்குள் எல்லாம் தலைகீழானது. அன்றைக்கு அதிகாலையில் சென்னையில் கன்னடக்காரர்களின் நியூ உட்லண்ட்ஸ் ஓட்டல் மீது பெட்ரோல் குண்டு வீசியிருந்தார்கள். ராமேஸ்வரத்தில் கன்னடச் சுற்றுலாக்காரர்களை அடிக்கும் வீடியோ ஒவ்வொரு செல்போனிலும் ஓடியது. தண்ணீரின் அளவை 12,000 கன அடியாகக் குறைத்து, ஆனால் 20-ஆம் தேதி வரை நீட்டித்து, உச்ச நீதிமன்றம் உத்தரவை மாற்றியிருந்தது. குறைத்தது யார் காதிலும் விழவில்லை. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரிகளை மறித்து எரிக்கிறார்கள் என்று கம்பெனி செக்யூரிட்டி வந்து சொன்னார். எங்கள் வேன் டி.என். 70, ஓசூர் பதிவு. அந்தக் கம்பெனி மேலாளர், கன்னடக்காரர், வேனைப் பின்பக்கம் ஸ்கிராப் குவியலுக்கு அருகில் விடச் சொல்லி, மேலே தார்ப்பாய் போர்த்தினார். "வண்டி இங்கே இருக்கட்டும், நீங்கள் கிளம்புங்கள். நாளைக்கு இதைவிட மோசமாகலாம்" என்றார்.

சந்தாபுரா வரை ஒரு டெம்போ, பிறகு கொஞ்ச தூரம் ஷேர் ஆட்டோ, பிறகு நடை. டிரைவர் தம்பி என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "சார், நீங்க பேசாதீங்க. நான் பேசிக்கிறேன்." வழியெல்லாம் தெலுங்கில் பேசினான். கல்யாண வீட்டுக்கு வந்த மைத்துனன் போலத் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தேன். எங்களோடு கூட்டம் பெருகிக்கொண்டே வந்தது. டிராலி சூட்கேஸை இழுத்து வந்த சாப்ட்வேர்ப் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள், ஓணத்துக்கு ஊருக்குப் புறப்பட்ட மலையாளிகள், மறுநாள் பக்ரீதுக்கு வாணியம்பாடி போக வேண்டிய ஒரு குடும்பம். நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் நம்பர் பிளேட்டில் சேற்றைப் பூசியிருந்தார்கள்.

அத்திப்பள்ளியில் ஒரு தர்சினி ஓட்டலின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. கீழே இருந்த இடைவெளியில் ஒரு கை சித்ரான்னம் பொட்டலத்தை நீட்டியது. நடந்து வந்தவர்கள் குனிந்து காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் குனிந்தோம். தம்பி தெலுங்கில் கேட்டான், உள்ளேயிருந்து கன்னடத்தில் பதில் வந்தது, கடைசியில் சில்லறை எண்ணும்போது அவரே தமிழுக்கு மாறிவிட்டார். "எலுமிச்சம்பழம் தீர்ந்துபோச்சு, மாங்காய் போட்டிருக்கேன், பரவாயில்லையா?" என்று கேட்டார். தெருவில் டயர் எரிகிறது, இவருக்குப் புளிப்பு எதில் இருந்து வந்தது என்ற கவலை. பொட்டலத்துக்கு வழக்கமான விலைதான் வாங்கினார். இலவசமாகக் கொடுத்திருந்தால் அது வேறு கதையாகியிருக்கும், சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருப்போம். காசு வாங்கிக்கொண்டு சரியான சில்லறை கொடுத்தார். அதுதான் எனக்குப் பிடித்தது. கடலைப்பருப்பு நன்றாகச் சிவந்த, நல்ல சித்ரான்னம்.

கர்நாடகத்தின் வளைவைத் தாண்டி ஜூஜூவாடி சோதனைச்சாவடிக்கு வந்தபோது தமிழ்நாட்டுப் போலீஸ் வரிசையாக நின்றது. இந்தப் பக்கம் வந்ததும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பசித்தது போலிருந்தது. ஓசூர் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. கர்நாடகத்துக்குள் போகும் பேருந்தெல்லாம் இங்கேயே திரும்பின. தெற்கே போகிறவர்கள் சேலம், திருவண்ணாமலை வண்டிகளில் தொங்கினார்கள். ஓசூர்க்காரர்கள் எல்லோரும் அன்றைக்குக் கர்ணனாகிவிட்டார்கள் என்று எழுதினால் பொய். தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்றார்கள். ஒரு கடையில் தயிர்சாதம் காலை விலையைப்போல இரண்டு மடங்கு. கேட்டதற்கு, "நாளைக்கு அரிசி வருமோ வராதோ" என்றார் கல்லாவில் இருந்தவர். இன்னொரு பக்கம், மறுநாள் குர்பானிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த மசூதித் தெருவில் அண்டாவை அன்றைக்கே அடுப்பில் ஏற்றி, குஸ்கா போட்டு, பேருந்து நிலையத்துக்குத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒரே சாலையில் நூறடி தூரத்தில் நடந்தது.

இரவு டி.வி.யில் தமிழ்நாட்டு கே.பி.என். பேருந்துகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. பெங்களூருவில் அடையாறு ஆனந்த பவன் கடைகள் மீது கல்வீச்சு. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்திருந்தார். பதினாறு காவல் நிலையப் பகுதிகளில் ஊரடங்கு. அங்கே இட்லிக்கடை தமிழன் என்றால் இங்கே இட்லிக்கடை கன்னடக்காரன். கோபத்தைக் காட்ட இரண்டு பக்கமும் முதலில் தேடியது ஓட்டலைத்தான். தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் யார் கையில் இருக்கிறதோ அவர்களை நெருங்க முடியாது. தெருவோரத்தில் கண்ணாடிக் கதவோடு நிற்பது ஓட்டல்தானே.

செவ்வாய் காலை வழக்கமான உடுப்பி ஓட்டலுக்குப் போனேன். பெயர்ப்பலகையின் மேல் அரிசி மூட்டைச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கல்லா மேஜையில் எப்போதும் இருக்கும் கிருஷ்ணன் படம் இல்லை. படத்தில் கன்னடத்தில் ஏதோ எழுதியிருக்கும், அதனால் எடுத்திருக்கிறார்கள். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே வாடிக்கையாளர்கள் ஐந்தாறு பேர். குந்தாபுராக்கார முதலாளி, ஊரில் நாற்பது வருடமாக இருப்பவர், என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க தஞ்சாவூரே. உங்க ஊருக்காரங்க யாராவது கல்லோட வர்றாங்களா?"

"நான் மட்டும்தான் வர்றேன் ஐயா. வெறுங்கையோட, பசியோட."

சிரித்தார். ஆனால் சாப்பாடு சரியில்லை. சாம்பாரில் வெல்லம் இல்லை. சரக்கு மாஸ்டர் மாலூரிலிருந்து தினமும் வருபவர், எல்லையில் மாட்டிக்கொண்டார். முதலாளியின் மருமகன் சாம்பார் வைத்திருந்தார். வெல்லம் போட்டால் கர்நாடகச் சாம்பார் என்று எவனாவது கிளப்பிவிடுவானோ என்று அவருக்குப் பயம். இதை அவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. சட்டென்று எனக்கும் அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

அங்கே இருக்கும்போதே அப்பாவிடமிருந்து போன். டி.வி.யைப் பார்த்துப் பயந்திருந்தார்.

"எங்கடா இருக்க? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்ப்பா. கன்னடக்காரர் ஓட்டல்ல."

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "தண்ணிதான் விடல. சாம்பாராச்சும் தாராளமா ஊத்துறானா?"

ஸ்பீக்கரில் இல்லை, ஆனாலும் முதலாளி காதில் விழுந்துவிட்டது. வாளியோடு வந்து என் தட்டில் இட்லி மூழ்கும்வரை ஊற்றினார். வெல்லமில்லாத சாம்பார், ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அன்றைக்குப் பக்ரீத். உடன் வேலை பார்க்கும் நண்பர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, அதைப்பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதன்கிழமை திருவோணம். மலையாளி மெஸ்காரர் வருடா வருடம் சத்யா விருந்து போடுவார். அந்த வருடம் தன் வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் எல்லை தாண்டி வந்து ஊருக்குப் போக வண்டி கிடைக்காமல் லாட்ஜிலும் தெரிந்தவர் அறையிலும் தங்கிய மலையாளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து நின்றார்கள். நேந்திரம் சிப்ஸும் இஞ்சிப்புளியும் முதல் பந்தியிலேயே காலி. இரண்டாம் பந்திக்குப் பப்படம் மட்டும் தாராளம். மூன்றாம் பந்தியில் அவியலில் ஓசூர்ச் சந்தையின் முள்ளங்கியும் நூக்கோலும் கிடந்தன. நூக்கோல் போட்ட அவியலை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை, பார்க்க ஆசையுமில்லை. அடைப்பிரதமன் மட்டும் குறையவில்லை. அதில் தண்ணீர் கலந்தார்களா என்று சந்தேகத்தோடு இரண்டு தம்ளர் குடித்துப் பார்த்தேன், கலக்கவில்லை.

16-ஆம் தேதி தமிழ்நாட்டில் முழு அடைப்பு. ஊரே மூடிக் கிடந்தது, அறையில் ரொட்டியும் பழமும். 20-ஆம் தேதி சம்பாவுக்காக மேட்டூரைத் திறந்தார்கள். அப்பா நாற்று விட்டார். வேன் பல நாள் கழித்துத் தார்ப்பாயோடு அப்படியே திரும்பி வந்தது. ஒரு நாள் உடுப்பி ஓட்டலின் சாக்கை அவிழ்த்திருந்தார்கள், மாலூர் மாஸ்டர் வந்துவிட்டார். அன்றைக்கு அவரோடு கொஞ்சம் பேச வாய்த்தது. 1991 டிசம்பரிலும் அவர் இங்கேதான் வேலை பார்த்தாராம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு, 205 டி.எம்.சி., மத்திய அரசிதழில் வந்த மறுநாளே பெங்களூருவில் தமிழர் குடியிருப்புகள் எரியத் தொடங்கின. டிரங்குப் பெட்டியும் ஆட்டுக்குட்டியுமாக லாரி லாரியாக வந்து இறங்கினார்களாம். "அப்ப நான் பையன் சார். மூணு நாள் வெறும் சோறு, ரசம். தாளிக்கக்கூட நேரமில்லை" என்றார். 2000-இல் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டுபோன 108 நாட்களையும் அவர் ஓட்டல் வியாபாரத்தை வைத்தே நினைவில் வைத்திருந்தார்: மாலைக்கு மேல் பெங்களூருப் பயணிகள் இல்லை, ராத்திரி தோசை மாவு மீந்து புளித்தது.

அதே 2016-இல், நவம்பர் 8 அன்று, ஐநூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாது என்றபோது எங்கள் வயிற்றைக் காப்பாற்றியது மெஸ்ஸின் மாதக் கணக்கு நோட்டு. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; வரிசையில் நின்றவர்கள் ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள்.

சொல்ல வேண்டியது 2020. காவிரிக் கலவரத்தில் எல்லைதான் அடைபட்டது, ஓட்டல் திறந்திருந்தது. கொரோனா ஊரடங்கில், மார்ச் 24-க்குப் பிறகு, இலை போட்டுச் சாப்பிடுவதே நின்றுபோனது. பார்சல் மட்டும். தோசையை அலுமினியத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தின்பது என்ன தோசை! அது ஆவியில் வெந்த துணி. ஏப்ரல் கடைசி வரை தமிழ்நாட்டில் எங்கள் கிருஷ்ணகிரி மட்டும்தான் பச்சை மாவட்டம். தொற்றே இல்லை என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள், மே தொடக்கத்தில் அதுவும் போனது. சிப்காட்டில் வேலை நின்று, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் அறைகளில் அடைந்து கிடந்தார்கள். கொஞ்சம் பேர் வடக்கே பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். 2016-இல் அத்திப்பள்ளியிலிருந்து நாங்கள் தெற்கே நடந்த அதே சாலை. வாடகை கொடுக்க முடியாமல் தவித்த மெஸ்காரர்கள் சிலர் தன்னார்வலர்களுக்குச் சமைத்துக் கொடுத்து அடுப்பை அணையாமல் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பையன்களுக்குப் புளிச்சாதம் கொடுத்தால் சாப்பிட முடியவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் கொடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பசியோடு இருப்பவன் எதையும் தின்பான் என்று நினைப்பவர்கள் பசியோடு இருந்ததில்லை.

ஜூன் 8-இல் பாதி இருக்கைகளோடு ஓட்டல்களைத் திறக்க அனுமதி வந்தது. உடுப்பி ஓட்டல் திறக்கவில்லை. முதலாளி குந்தாபுராவுக்கே போய்விட்டார்; கல்லெறிக்குப் பயந்து சாக்கு கட்டியவர், வாடகைப் பாக்கிக்குத் தோற்றார். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மாலூர் மாஸ்டர் ஒரு கேண்டீன் கான்ட்ராக்டரிடம் சேர்ந்து, ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில் இட்லி அவிக்கிறார். அங்கே சாம்பாரில் என்ன போட வேண்டும் என்பதை கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்களாம்.

ஊர் 2019-இலேயே மாநகராட்சி ஆகிவிட்டது. கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா. பல மாநிலத்துப் பெண்பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வேலைக்குப் போகிறார்கள். சாயங்காலம் பாகலூர் ரோட்டில் மோமோ வண்டி, அரபு மந்தி, கடுகெண்ணெய் வாசம். எனக்கும் நாக்கு மாறிவிட்டது. இப்போது நான் அடிக்கடி போவது கஞ்சாம் மாவட்டத்து ஒடியாக்காரர் நடத்தும் மெஸ்ஸுக்கு. ஊரடங்கில் உருளைக்கிழங்கு மட்டும் கேட்டவர்களில் ஒருவர். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, லேத்தை விட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்தார். பருப்பும் காய்கறியும் சேர்த்து வேகவைத்த தால்மா, சோறு, கடுகரைத்த மீன் குழம்பு. கோடையில் பகாளா என்று நீர்விட்ட சோறு தருகிறார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டால் அப்பா வயலுக்கு எடுத்துப்போகும் பழைய சோறேதான். பாத்திரம் தேய்க்க வந்த தேன்கனிக்கோட்டை அக்காதான் இப்போது அங்கே பாதிச் சமையல்.

உள்ளூர்க்காரர்கள் கேட்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை களி போடலாமா என யோசிக்கிறார்கள். களி கிண்டுவது அக்கா பொறுப்பு, அதில் சண்டையில்லை. குழம்பில்தான் தகராறு. கடுகெண்ணெய் மீன் குழம்புதான் களிக்குச் சேரும் என்கிறார் ஒடியாக்காரர். "அண்ணே, உங்களுக்குக் களியப் பத்தி என்ன தெரியும்? பிதுக்கம்பருப்புக் குழம்புதான்" என்கிறாள் அக்கா. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். இரண்டையும் வைத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறேன். பிதுக்கம்பருப்புக்கு வேண்டிய மொச்சை வரத்து மார்கழியில்தான், அதுவரை தள்ளிவைத்திருக்கிறார்கள். முதல் ஞாயிறுக்கு எனக்கு ஒரு இடம் சொல்லிவைத்தாயிற்று.